விறைத்த நாடியும் முதியோர் இதயமும்

கி.பி. 1507ஆம் ஆண்டிலே தொடங்கி அடுத்த ஆண்டில் முடிந்த குளிர்காலத்தில், இத்தாலி நாட்டுப் புளோறன்ஸ் நகரத்துச் சாந்தா மரியா நுவோவா வைத்தியசாலையில் முதியவர் ஒருவர் படுத்திருந்தார். தமக்கு நூறு வயது கடந்துவிட்டதென்றும், தளர்ச்சியைத் தவிர உடம்பில் வேறு நோவு எதுவும் இல்லையென்றும் அவர் தம்மருகே நின்ற ஒருவரிடம் கூறினார். சில மணி நேரத்தின் பின், துடிப்போ வேதனையோ சிறிதுமின்றி அவருடைய உயிர் பிரிந்தது. அருகே நின்றவர் வைத்தியர் அல்லர். உலகம் போற்றும் ஓவியராகிய லியனாடோ டா வின்சி அவர். இத்துணை இனிய சாவுக்குக் காரணம் யாதென அறிய விரும்பிய லியனாடோ, அம்முதியவரின் உடலை அறுத்துச் சோதித்தார். இரண்டு வயதுக் குழந்தையொன்றின் உடலையும் சோதித்து, இரண்டையும் ஒப்புநோக்கினார். குழந்தையின் நாடிகள் நேராகவும் மெல்லியனவாகவும் வாய் அகன்றும் இருந்தன. முதியவரின் நாடிகளோ சுவர் தடித்து, வளைந்து நெளிந்து, உள்வழி ஒடுங்கிக் காணப்பட்டன. தோடம்பழம் முதிர முதிரத் தோல் தடித்துச் சதை குறைவது போல நாடியும் முதிர்கின்றது என்பது லியனாடோவின் முடிபு. சமையலறையில் காணும் ஒரு பொருளைக் கொண்டு உடலின் மறைவான ஒரு நிகழ்ச்சியை விளக்கிய அந்தக் குறிப்பு, ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் அச்சேறாமற் கிடந்தது.

நாடி என இங்கே சொல்லப்படுவது இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுசெல்லும் குழாயாகும். குருதியைத் திரும்ப இதயத்திற்குக் கொண்டுவரும் குழாய் நாளம் எனப்படும். முதுமையில் நாடிகளுக்கு நேரும் கேடுகள் இருவகைப்பட்டவை. இவ்விரண்டையும் பலர் ஒன்றெனவே எண்ணுகின்றனர். முதலாவது, நாடியின் உட்சுவரிலே கொழுப்புப் படிந்து வழியை அடைப்பது. 1904ஆம் ஆண்டில் ஜெர்மன் நாட்டு நோயியல் அறிஞர் பெலிக்ஸ் மார்சன்ட் இதற்கு இட்ட கிரேக்கப் பெயரின் முற்பகுதிக்குக் கூழ் என்பது பொருள். படிந்திருக்கும் கொழுப்பைக் கீறிப் பார்த்தால் அது கூழைப்போல் இருப்பதே அப்பெயருக்குக் காரணம். கூழை விரும்பி உண்ணும் யாழ்ப்பாணத்தார் இப்பெயரைக் கேட்டு மனம் வருந்த வேண்டியதில்லை. குற்றம் கூழின்மேல் அன்று. இரண்டாவது கேடு, நாடியின் சுவரே தன் மீள்தன்மையை இழந்து விறைத்துப் போவது. வழியில் அடைப்பு எதுவும் இல்லாதபோதும் இது நிகழும். மாரடைப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே பேசுகின்றனர். இரண்டாவதன் வரலாறு வேறு. அது முதியோர் பலரின் உயிரோடு தொடர்புடையது.

குருதி உடலைச் சுற்றி ஓடுகின்றது என்பதை 1628ஆம் ஆண்டில் நிறுவிய ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹாவியும் விறைத்த நாடியைக் கண்டவரே. 1649ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட மறுமொழிக் கடிதமொன்றில், பெருமகன் ஒருவருடைய உடலிலிருந்து எடுத்த பெருநாடியின் ஒரு பகுதி எலும்புக் குழாயாகவே மாறியிருந்ததைக் குறிப்பிடுகின்றார். ஆயினும் ஹாவியின் நோக்கம் நோயை ஆராய்வது அன்று. நாடித்துடிப்பு நாடியின் சொந்த ஆற்றலால் எழுவதென்று வாதித்தோரை மறுக்கவே அவர் அதனைச் சான்றாகக் காட்டினார். எலும்பாகிப்போன குழாய் தானாகத் துடிக்க இயலாது. அதற்கு அப்பாலும் துடிப்பு உணரப்பட்டதாயின் அது இதயத்தின் தள்ளுதலால் வந்ததே என்பது அவர் வாதம். வாதம் வென்றது. அந்த எலும்புக் குழாய்க்குப் பின்னால் இருந்த இதயம் என்ன பாடுபட்டிருக்கும் என்று கேட்பார் அன்று இல்லை.

அக்கேள்விக்கு விடை தேடும் வழியைத் திறந்தவர், வியப்பாக, ஒரு கிறித்தவக் குருவானவர். இலண்டனுக்கு அண்மையில் உள்ள ரெடிங்ரன் என்னும் ஊரிற் பணியாற்றிய ஸ்ரீபன் ஹேல்ஸ் என்பார், பெண் குதிரையொன்றைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடை நாடியிற் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். குருதி குழாயில் 8 அடி 3 அங்குல உயரத்திற்கு ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறியும் இறங்கியும் அசைந்தது. உலகில் முதன்முதலாகக் குருதியமுக்கம் அளக்கப்பட்ட வரலாறு இதுவே. 1733ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலில் இதனினும் அருமையான கருத்தொன்று உண்டு. அக்காலத்துத் தீயணைக்கும் எந்திரத்திலே நீர் விட்டுவிட்டுத்தான் அமுக்கப்படும்; ஆயினும் குழாயின் வாயில் அது இடைவிடாத தாரையாகவே பாயும். இடையில் உள்ள காற்றறை நீரின் தள்ளுதலைத் தாங்கிச் சுருங்கிப் பின் விரிந்து கொடுப்பதே அதற்குக் காரணம். மீள்தன்மையுள்ள பெருநாடி இதயத்திற்கு அத்தகைய காற்றறையாக உதவுகின்றது என்றார் ஹேல்ஸ். 1899ஆம் ஆண்டில் ஜெர்மன் அறிஞர் ஒற்றோ பிராங்க் இக்கருத்தைக் கணக்கில் அமைத்தார். விண்ட்கெசல், அதாவது காற்றறை, என்னும் சொல் அன்று முதல் உடற்றொழிலியல் நூல்களில் நிலைத்துவிட்டது.

தீயணைக்கும் எந்திரத்தைக் காணாதவரும் ஆர்மோனியத்தைக் கண்டிருப்பர். வாசிப்பவரின் கை துருத்தியை விட்டுவிட்டே அமுக்குகின்றது. ஓசையோ அறுபடாமல் ஒலிக்கின்றது. உள்ளேயிருக்கும் இரண்டாம் துருத்தி காற்றை வாங்கிச் சேமித்து, கை ஓய்ந்திருக்கும் நேரத்தில் அதனைக் கொடுத்து வருகின்றது. இதயமும் அப்படியே. அது சுருங்கும்போது வெளிவரும் குருதியில் ஒரு பகுதியைப் பெருநாடி விரிந்து ஏற்று வைத்துக்கொள்ளும். இதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும்போது பெருநாடியின் சுவர் மீண்டும் சுருங்கி அக்குருதியை முன்னே தள்ளும். இதனால் இருவகை நன்மை உண்டாகின்றது. இதயம் சுருங்கும்போது அமுக்கம் அளவுக்குமேல் ஏறுவதில்லை. அது ஓயும்போது அளவுக்குமேல் இறங்குவதுமில்லை. இரண்டாவதாகக் கூறிய நன்மையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உடல் முழுவதற்கும் குருதியை ஊட்டும் இதயம், தனக்கு வேண்டிய குருதியைப் பெரும்பாலும் தான் ஓய்ந்திருக்கும் கணத்திலேயே பெறுகின்றது. சுருங்கும் தசை தன்னுள் ஓடும் சிறு நாடிகளை நெரித்துவிடுவதால், தளரும்போதுதான் அவற்றிற் குருதி தடையின்றிப் பாயும். அந்நேரத்தில் அதனைத் தள்ளிக் கொடுப்பது பெருநாடியின் மீள்தன்மையே.

அம்மீள்தன்மை எங்கிருந்து வருகின்றது? பெருநாடியின் சுவரில் எலாஸ்ரின் என்னும் மீள்நார் தகடு தகடாக அடுக்கப்பட்டிருக்கின்றது. தாயின் வயிற்றிலும் இளங்குழந்தைப் பருவத்திலும் உடல் இதனை நெய்து முடித்துவிடுகின்றது. பின்னர் அதனைப் புதிதாக நெய்வது மிக அரிது. நிமிடத்திற்கு 70 துடிப்பு என்று கொண்டால் இதயம் நாளொன்றுக்கு 1 இலட்சம் முறைக்கு மேலும், 60 ஆண்டுகளில் ஏறத்தாழ 220 கோடி முறையும் துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்நார் இழுபட்டு மீள்கின்றது. எந்த நெசவுதான் இத்தனை முறை இழுபட்டும் நைந்துபோகாதிருக்கும்? நார்கள் அறுந்து சிதைய, அவற்றின் இடத்தில் கொலாசன் என்னும் விறைப்பான நார் மிகுகின்றது. கல்சியமும் வந்து படிகின்றது. பெருநாடி அகன்று நீண்டு விறைக்கின்றது. நீரிழிவும் சிறுநீரக நோயும் உயர்ந்த குருதியமுக்கமும் இதனை விரைவுபடுத்துகின்றன.

இதன் விளைவு இதயத்தின் மேல் இருமுனைத் தாக்குதலாக வருகின்றது. விரிந்து கொடுக்காத குழாய்க்குள் குருதியைத் தள்ள வேண்டியிருப்பதால் இடது இதயவறையின் வேலை மிகுந்து அதன் தசை தடிக்கின்றது. தடித்த தசைக்குக் குருதி கூடுதலாக வேண்டும். ஆனால் அது குருதியைப் பெறும் ஓய்வு நேரத்திலோ அமுக்கம் முன்னையிலும் தாழ்ந்துவிட்டது. செலவு கூடுகின்றது, வரவு குறைகின்றது. மூளைக்கும் சிறுநீரகத்திற்கும் செல்லும் மென்மையான சிறு நாடிகளும், பெருநாடி தாங்காது விட்ட தாக்குதலைத் தாமே தாங்கி நைகின்றன. முதியோரிடத்துக் காணும் இதயத் தளர்ச்சிக்கும் பாரிசவாதத்திற்கும் இது ஒரு பெருங்காரணமாகும்.

இவ்வளவும் இன்று பாடநூலிற் காணப்படும் செய்திகள். இவற்றை நோயாளியின் படுக்கையருகிலே அறிந்துகொள்ள முயன்ற வரலாற்றுக்குத் திரும்புவோம். நாடியைத் தொட்டு நோயறியும் முறை நம்மவர்க்குப் புதிதன்று. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாத பித்த கபங்களைக் குறிக்கும் சித்த வைத்தியரை நாட்டுப்புறத்திலே யாவரும் அறிவர். சீன தேசத்து மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் பழைய வைத்திய நூல், உப்பு மிகுந்தால் நாடி கடினமாகும் என்று கூறுவதாக வரலாற்றாசிரியர் சுட்டுவர். ஆனால் விரல் உணர்ந்ததை மற்றொருவர்க்குக் காட்ட இயலாது. விரலின் அறிவு விரலோடு போய்விடும். அதனைத் தாளில் எழுதிவைக்கும் கருவியை 1860ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிஞர் எற்றியென் யூல் மாறே திருத்தமாகச் செய்தார். மணிக்கட்டு நாடியின் மேல் வைத்த சிறு நெம்புகோல், ஒவ்வொரு துடிப்பையும் புகைபூசிய தாளில் அலைக்கோடாக வரைந்தது.

அக்கோட்டைப் படிக்கக் கற்றவர்களுள் தலைசிறந்தவர் பிரெடறிக் அக்பர் மகமது என்னும் இளைஞர். பெயரைக் கேட்போர் அவருடைய மரபை வினவாதிரார். அவருடைய பாட்டனார் சேக் தீன் மகமது, இந்தியாவில் பாட்னா நகரிற் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பனியின் படையிற் சேவித்து, பின்னர் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்று குடியேறியவர். 1794ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியர் அவரே. இலண்டனில் 1810ஆம் ஆண்டில் இந்திய உணவுச்சாலையொன்றைத் திறந்து கைப்பொருளை இழந்து, பின்பு பிறைற்றன் கடற்கரைப் பட்டினத்தில் எண்ணெயும் நீராவியும் கொண்டு உடம்பு பிடிக்கும் நீராட்டுச்சாலை அமைத்து, அரசர் இருவருக்கு அப்பணி செய்து புகழ் பெற்றார். அப்பட்டினத்தில் 1849ஆம் ஆண்டிற் பிறந்த பேரன் இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் மாணவனாகச் சேர்ந்தான். மாறேயின் கருவியில் நாடியை அமுக்கும் விசையை அளந்து சொல்லும் வசதி இல்லாதிருந்தது. மாணவப் பருவத்திலேயே அக்குறையைத் திருத்திய மகமது, 1872ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வைத்திய இதழொன்றில் வெளியிட்டபோது அவருக்கு வயது 23.

கைஸ் வைத்தியசாலை சிறுநீரக நோய்க்குப் பெயர்போனது. அங்கே 1827ஆம் ஆண்டிலேயே றிச்சாட் பிறைற் என்னும் வைத்தியர், சிறுநீரில் புரதம் கழியும் நோயாளரிடத்துச் சிறுநீரகம் கெட்டும் இதயம் பருத்தும் இருப்பதைக் காட்டியிருந்தார். ஆகவே சிறுநீரகக் கேடு முதலில், மற்றவை பின்னர் என்று வைத்திய உலகம் நம்பியது. மகமது செங்காய்ச்சல் நோயாளரின் நாடியை நாள்தோறும் வரைந்து பார்த்தார். புரதம் தோன்றுவதற்கு முன்னரே நாடியின் அமுக்கம் ஏறுவதைக் கோடு காட்டியது. மேலும், சிறுநீரக நோயின் அறிகுறி எதுவுமின்றி நடமாடித் திரியும் பலரிடத்தும் உயர்ந்த அமுக்கம் இருப்பதைக் கண்டு கூறினார். இக்கதைக்கு மிக வேண்டிய மற்றொன்றையும் அவர் கண்டார். உயர்ந்த அமுக்கமுள்ளவரின் நாடியலை, ஏறியவுடன் இறங்காமல் தோள் புடைத்து நின்று பின்னரே வீழ்ந்தது. முதியோரின் நாடியலையும் அதே உருவில் இருந்தது. நோயும் முதுமையும் நாடியில் ஒரே கையெழுத்தையே இடுகின்றன என்பதை உலகிலே தெளிவாகப் படித்தவர் அவர்.

நாடெங்கும் உள்ள வைத்தியர்கள் தாம் கண்டவற்றை ஒரே முறையில் எழுதி அனுப்ப, அவற்றைத் தொகுத்து நோயின் காரணம் அறியவேண்டும் என்னும் முயற்சியையும் பிரித்தானிய வைத்திய சங்கத்தின் வழியாக 1880களில் அவர் முன்னின்று நடத்தினார். ஆனால் காய்ச்சல் வைத்தியசாலையில் தொற்றிய நெருப்புக்காய்ச்சல் 1884ஆம் ஆண்டில் அவரைக் கொண்டுபோயிற்று. அப்பொழுது அவருக்கு வயது 35. அவர் இன்னும் முப்பது ஆண்டு வாழ்ந்திருப்பாராயின் முதியோர் வைத்தியம் வேறு வழியிற் சென்றிருக்கும் என்று நினைக்க இடமுண்டு.

அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1896ஆம் ஆண்டில், இத்தாலியரான சிப்பியோனே றிவா-றொச்சி கையிற் பட்டி சுற்றி இரசத்தூணினால் அமுக்கத்தை அளக்கும் கருவியை அமைத்தார். 1905ஆம் ஆண்டில் உருசிய வைத்தியர் நிக்கொலாய் கொறொற்கோவ், அப்பட்டிக்குக் கீழே காதுக்குழாய் வைத்து ஓசை கேட்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஓசை தொடங்கும் இடம் மேல் அமுக்கம். மறையும் இடம் கீழ் அமுக்கம். எளிதாகக் கற்று விரைவாகச் செய்யக்கூடிய இம்முறை உலகெங்கும் பரவியது. நாடியலையை வரையும் கருவி அலுமாரிக்குள் போயிற்று. இரண்டு எண்கள் கிடைத்தன; ஓர் உருவம் மறைந்தது. அவ்விரண்டு எண்களால் மனித குலம் அடைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது தகாது. ஆயினும், அலையின் உருவத்தோடு சேர்ந்து முதியோரின் விறைத்த நாடியைப் பற்றிய அறிவும் மறக்கப்பட்டது என்பதே உண்மை.

இரண்டு எண்களுள் எது பெரிது என்ற கேள்வி எழுந்தபோது வைத்தியர் பெரும்பாலோர் கீழ் அமுக்கத்தையே தெரிந்துகொண்டனர். மேல் அமுக்கம் இதயத்தின் வலிமையைக் காட்டுவது, கணத்துக்குக் கணம் மாறுவது. கீழ் அமுக்கமே நாடிகள் இடைவிடாது சுமக்கும் பாரம் என்று அவர்கள் எண்ணினர். முதியோரிடத்து மேல் அமுக்கம் மட்டும் ஏறியிருப்பின் அதனை வயதின் இயல்பு என்று விட்டனர். வயதுடன் நூறைக் கூட்டி வருவதே ஒருவருக்குரிய அமுக்கம் என்னும் வாய்ப்பாடு வழங்கியது. அதன்படி 75 வயதினருக்கு 175 இருந்தாலும் குற்றமில்லை. விறைத்த குழாய்களின் வழியே குருதி மூளையைச் சென்றடைய அந்த உயர்ந்த அமுக்கம் வேண்டும், அதனைக் குறைத்தால் கெடுதி என்று கருதியவரும் பலர். உயர்ந்த அமுக்கத்திற்கு வைத்திய நூல்கள் இட்ட பெயரிலேயே இன்றியமையாதது எனப் பொருள் கொள்ளத்தக்க அடைமொழி ஒன்று ஒட்டியிருந்தது. பெயரொன்று மனித சிந்தனையை எவ்வளவு காலம் கட்டிவைக்கும் என்பதற்கு இது சான்று.

வைத்தியர் இவ்வாறிருக்க, ஆயுட்காப்புறுதிக் கம்பனிகள் வேறு விதமாக எண்ணின. அமெரிக்காவில் மில்வோக்கி நகரத்துக் கம்பனியொன்று 1907ஆம் ஆண்டு முதல் காப்புறுதி கேட்டு வருவோரின் மேல் அமுக்கத்தை அளந்து வந்தது. அவ்வெண் உயர்ந்தவர்கள் விரைவில் இறந்தனர் என்பதை அதன் கணக்கேடு காட்டியது. கைப்பணத்தைப் பணயம் வைத்தோர், கொள்கையைப் பணயம் வைத்தோரிலும் கூர்மையாகப் பார்த்தனர் போலும்.

ஆய்வுகூடத்திலும் சிலர் நாடியின் விறைப்பை மறக்கவில்லை. துலாக் கயிற்றின் ஒரு நுனியைச் சுண்டினால் அலை மறுநுனிக்கு ஓடும். கயிறு இறுகியிருந்தால் அலை விரைந்து செல்லும். தளர்ந்திருந்தால் மெதுவாகச் செல்லும். நாடியலையும் அத்தகையதே. அது குருதியின் ஓட்டம் அன்று. சுவரின் வழியே பரவும் அதிர்ச்சி. குருதியினும் அது பன்மடங்கு விரைவானது. சுவர் எவ்வளவு விறைப்போ அலை அவ்வளவு விரைவு என்பதை 1878ஆம் ஆண்டில் ஒல்லாந்தரான மோயென்ஸ், கோற்றவெக் ஆகிய இருவர் கணக்கில் வகுத்தனர். 1922ஆம் ஆண்டில் பிறம்வெல், ஏ. வி. ஹில் என்னும் ஆங்கிலேயர் இருவர், உயிருள்ள மனிதரிடத்து அவ்விரைவை அளந்து நாடியின் விறைப்பை அறியலாம் எனக் காட்டினர். ஆயினும் இவை கற்றோர் கழகங்களின் ஏடுகளிலேயே தங்கின.

திருப்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1948ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, இதய நோயின் காரணங்களை அறிவதற்காக மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பிறேமிங்காம் என்னும் சிற்றூரில் 5209 பேரைத் தெரிந்து, அவர்களை இரண்டாண்டுக்கொரு முறை பரிசோதிக்கத் தொடங்கியது. நோய் வந்தபின் காரணம் தேடாமல், நோய் வருமுன்னரே அளந்து வைத்துக் காத்திருப்பது அம்முறை. 1971ஆம் ஆண்டில் வில்லியம் கனெல் என்பாரும் துணைவரும் வெளியிட்ட முடிபு பலரைத் திடுக்கிடச் செய்தது. வயது ஏற ஏற, இதய நோயை முன்னறிவிப்பதில் கீழ் அமுக்கம் பின்னடைகின்றது; மேல் அமுக்கமே முன்னிற்கின்றது. அவ்வூராரின் பதிவேடுகள் வேறொன்றையும் காட்டின. மேல் அமுக்கம் முதுமை வரை ஏறிக்கொண்டே செல்ல, கீழ் அமுக்கமோ ஏறத்தாழ 50, 60 வயது வரை ஏறிப் பின் இறங்கத் தொடங்குகின்றது. ஒன்று ஏறவும் மற்றது இறங்கவும் இடைவெளி அகல்வது பெருநாடி விறைத்ததன் நேரான அடையாளமாகும். அதுவரை கீழ் அமுக்கம் தாழ்ந்திருப்பது நல்லதெனக் கருதித் தேறுதல் சொல்லி அனுப்பப்பட்ட முதியோர் எத்தனை பேரோ!

அறிவு வந்தது, ஆயினும் துணிவு வரவில்லை. 1977ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வல்லுநர் குழு வகுத்த முதல் வழிகாட்டியும் கீழ் அமுக்கத்தையே அளவுகோலாகக் கொண்டது. மருந்து கொடுத்தால் முதியோர்க்கு நன்மையா தீமையா என்பதைச் சோதித்துப் பார்த்தாலன்றி ஐயம் தீராது. 1991ஆம் ஆண்டில் அச்சோதனையின் முடிபு வெளியாயிற்று. 60 வயதும் அதற்கு மேலும் ஆன 4736 பேர் அதிற் பங்குகொண்டனர். அவர்களுடைய சராசரி வயது 72; மேல் அமுக்கம் 160 அல்லது அதற்கு மேல்; கீழ் அமுக்கமோ 90க்குக் கீழ். அதாவது, பழைய முறைப்படி இயல்பானவர் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கக் கூடியவர்கள். ஒரு பாதியினருக்குக் குறைந்த அளவு நீர்போக்கு மருந்தும், மறு பாதியினருக்கு மருந்தற்ற குளிகையும் கொடுக்கப்பட்டன. மருந்துண்டோரிடத்துப் பாரிசவாதம் 36 வீதம் குறைந்தது. மாரடைப்பும் இதய நோய்ச் சாவும் 27 வீதம் குறைந்தன. இதயத் தளர்ச்சி ஏறத்தாழப் பாதியாயிற்று. விலையுயர்ந்த புது மருந்து அன்று அது. நீண்ட காலமாக வழக்கிலிருந்த மலிவான மருந்தே. 1997ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளில் 4695 பேரிடத்து நடந்த சோதனையில் பாரிசவாதம் 42 வீதம் குறைந்தது. எண்பது கடந்தோர்க்கு மருந்து வேண்டுமோ என்று ஐயுற்றோர்க்கு 2008ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அவ்வயதினர் 3845 பேரைக் கொண்ட சோதனையில், மருந்துண்டோரிடத்துச் சாவு குறைந்தமையால், குறித்த காலத்திற்கு முன்பே சோதனை நிறுத்தப்பட்டது.

மகமதுவின் கோட்டை மறுபடியும் படித்தவர் அவுஸ்திரேலிய வைத்தியர் மைக்கேல் ஓறூர்க். நாடியலை உடலின் கீழ்ப்பகுதியைச் சென்றடைந்து, கிளை பிரியும் இடங்களில் மோதித் திரும்பி வருகின்றது. இளமையில் அது மெதுவாகத் திரும்பி, இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் வந்து சேர்ந்து நன்மை செய்கின்றது. நாடி விறைத்தவிடத்து அலை விரைந்து திரும்பி, இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அதற்கு எதிராக வந்து மோதுகின்றது. 1872ஆம் ஆண்டில் அவ்விளைஞர் கண்ட தோள் புடைத்த அலையின் பொருள் பெரும்பாலும் இதுவே. ஓறூர்க் 1992ஆம் ஆண்டில் வைத்திய இதழில் மகமதுவைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதி, அவருக்குரிய இடத்தை மீட்டுக் கொடுத்தார்.

இன்று கழுத்து நாடியிலும் தொடை நாடியிலும் உணர்கருவி வைத்து, அலை ஓரிடத்திலிருந்து மற்றதற்குச் செல்லும் விரைவை அளக்கின்றனர். அது செக்கனுக்கு 10 மீற்றருக்கு மேற்படின் கேட்டுக்கு அறிகுறி என 2012ஆம் ஆண்டில் ஐரோப்பிய வல்லுநர் வரையறுத்தனர். 2010ஆம் ஆண்டில் 17 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துக் கணித்தபோது, அவ்விரைவு செக்கனுக்கு 1 மீற்றர் கூடுந்தோறும் இதய, நாடி நோய்கள் ஏறத்தாழ 14 வீதம் கூடுவது தெரியவந்தது. வயது, பால், மற்றைக் காரணிகள் யாவற்றையும் கணக்கில் எடுத்த பின்னரும் இது நின்றது.

அப்படியாயின் நாடி விறைத்தல் வயதின் தவிர்க்கவொண்ணாத விதியோ? முற்றும் அவ்வாறு சொல்வதற்கில்லை. 1980களில் சீனாவில் நடந்த ஆராய்ச்சியில், உப்பை மிகுதியாக உண்ட வடபுல நகரத்தாரின் நாடிகள், குறைவாக உண்ட தென்புலக் கிராமத்தாரின் நாடிகளினும் விரைவாக விறைத்தமை காணப்பட்டது. பழைய சீன வைத்தியரின் விரல் பொய் சொல்லவில்லைப் போலும். 1988ஆம் ஆண்டில் 32 நாடுகளில் 52 இடங்களிலிருந்து வெளியான ஒப்பாய்வில், உப்பை மிகக் குறைவாக உண்ணும் தென்னமெரிக்கக் காட்டுவாசிகளான யனோமாமி மக்களிடத்து வயதோடு அமுக்கம் ஏறவில்லை என்பது தெரிந்தது. முதுமையில் அமுக்கம் ஏறுவது மனித இயல்பு என்னும் வாய்ப்பாட்டுக்கு அக்காட்டு மக்கள் மறுமொழியாக நின்றனர். அறுந்த மீள்நாரை மறுபடி நெய்யும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும் அமுக்கத்தைக் குறைக்கும் மருந்தும், உப்பைக் குறைத்தலும், நாள்தோறும் நடத்தலும், புகைபிடித்தலை விடுதலும் விறைப்பின் வேகத்தைத் தணிக்கின்றன.

முதியோர்க்கு மருந்து கொடுப்பதில் அவதானமும் வேண்டும். கீழ் அமுக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருப்பவரிடத்து அளவு மிஞ்சினால், படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிய நேரலாம். இருக்கும்போதும் நிற்கும்போதும் அளந்து பார்ப்பது அதனாலேயே. சிலரிடத்து நாடி மிக விறைத்துப் பட்டியின் அமுக்கத்துக்கும் மசியாமல் நிற்க, கருவி உண்மையிலும் உயர்ந்த எண்ணைக் காட்டுவதும் உண்டு.

அலையின் விரைவை அளக்கும் கருவி எல்லா வைத்தியசாலையிலும் கிடைப்பதன்று. கிடைக்காதவிடத்து ஒரு கழித்தற் கணக்கு ஓரளவு உதவும். 120க்கு 80 என்றால் இடைவெளி 40. 170க்கு 70 என்றால் இடைவெளி 100. வீட்டிலுள்ள முதியவரின் சீட்டைக் கையில் எடுத்து இந்தக் கழித்தலைச் செய்ய வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை. இடைவெளி 60ஐக் கடந்திருப்பின், கீழ் எண் எவ்வளவு தாழ்ந்திருந்தாலும், அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது மேல் எண்ணைப் பற்றி வைத்தியரிடம் கேட்கவேண்டும்.